பதிப்பு எண் பழையது, ஓட்டை அடைபட்டது: லினக்ஸ் பொதிகளுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வந்து சேரும் விதம்

2024 ஜூலை 1 அன்று, ஓப்பன்எஸ்எஸ்ஹெச் மென்பொருளில் கடுமையான ஒரு பாதுகாப்பு ஓட்டை இருப்பதைக் குவாலிஸ் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் உலகுக்கு அறிவித்தார்கள். தொலைவில் இருக்கும் ஒரு லினக்ஸ் கணினிக்குள் நுழைந்து வேலை செய்ய நிர்வாகிகள் அன்றாடம் பயன்படுத்துவது இந்த மென்பொருளைத்தான். கடவுச்சொல்லோ சாவியோ இல்லாத ஒருவர், இணையத்தின் மறுமுனையில் இருந்தபடியே, அந்தக் கணினியின் முழு அதிகாரத்தையும் கைப்பற்ற வழி இருக்கிறது என்பதே அறிவிப்பின் சாரம். ஓட்டை அடைக்கப்பட்ட புதிய பதிப்பு 9.8பி1 என்று ஓப்பன்எஸ்எஸ்ஹெச் குழுவும் அதே நாளில் சொன்னது. டெபியன் 12 பயன்படுத்துவோர் உடனே தங்கள் கணினியைப் புதுப்பித்துவிட்டுப் பதிப்பைச் சோதித்தபோது, திரையில் 9.2பி1 என்றே வந்தது. புதுப்பிக்கும் முன்பும் அதே எண்தான் இருந்தது. அதன் வாலில் ஒட்டியிருந்த ஓர் இலக்கம் மட்டும் 2 என்பதிலிருந்து 3 ஆகியிருந்தது.

அந்த ஓர் இலக்க மாற்றத்தில் ஓட்டை முழுமையாக அடைக்கப்பட்டிருந்தது. இது எப்படி என்று புரிந்துகொண்டால், கட்டற்ற இயங்குதளங்களில் பாதுகாப்புத் திருத்தம் என்னும் வேலை எப்படி நடக்கிறது என்பதில் பெரும்பகுதி புரிந்துவிடும். இது புரியாமல், "என் கணினியில் பழைய பதிப்பு இருக்கிறதே" என்று பதறி, மூலநிரலை நேரடியாக இறக்கித் தாமே நிறுவிக்கொள்பவர்கள் பலர். அதன் விளைவு பெரும்பாலும் அவர்கள் நினைப்பதற்கு நேர்மாறானது என்பதால்தான் இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எழுதுபவர் ஒருவர், பொதியாக்குபவர் இன்னொருவர்

ஒரு லினக்ஸ் இயங்குதளம் ஒரே நிறுவனம் எழுதிய ஒரே மென்பொருள் அன்று. இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலை ஒரு சமூகம் எழுதுகிறது. ஓப்பன்எஸ்எஸ்ஹெச்சை ஓப்பன்பிஎஸ்டி திட்டத்தைச் சேர்ந்தவர்கள் எழுதுகிறார்கள். குறியாக்கத்துக்கான ஓப்பன்எஸ்எஸ்எல், கட்டளைகளை வாங்கி இயக்கும் பாஷ், கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் குழுக்கள் உண்டு. இவற்றை மூலத் திட்டங்கள் என்று அழைக்கலாம். இவர்கள் வெளியிடும் மூலநிரலை எடுத்து, ஒன்றோடொன்று பொருந்தும்படி தொகுத்து, நிறுவத்தக்க பொதிகளாக மாற்றித் தங்கள் களஞ்சியத்தில் வைப்பவை டெபியன், உபுண்டு, ரெட் ஹேட், ஃபெடோரா போன்ற வழங்கல்கள். டெபியன் 1993-இல் இயன் மர்டாக் தொடங்கிய தன்னார்வலர் திட்டம். உபுண்டு அதை அடித்தளமாகக் கொண்டது. சென்னை சி-டாக் மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அதையே அடித்தளமாகக் கொண்டது.

டெபியன் சுமார் இரண்டாண்டுகளுக்கு ஒருமுறை நிலையான வெளியீடு ஒன்றைத் தருகிறது. அந்த நாளில் ஒவ்வொரு பொதியும் எந்தப் பதிப்பில் இருக்கிறதோ, அந்தப் பதிப்பிலேயே அந்த வெளியீட்டின் ஆயுள் முழுவதும் நிற்கும். 2023 ஜூன் 10 அன்று டெபியன் 12 வெளிவந்தபோது ஓப்பன்எஸ்எஸ்ஹெச் 9.2-இல் இருந்தது, ஆகவே டெபியன் 12-இல் அது என்றும் 9.2 தான். மூலத் திட்டம் 9.3, 9.4 என்று முன்னே போய்க்கொண்டிருக்கும். நிலையான வெளியீட்டைத் தேர்ந்தெடுப்பவர் விரும்புவதே இந்த அசையாத தன்மையைத்தான். ஒரு மருத்துவமனையின் சேவையகமோ கல்லூரி ஆய்வகத்தின் நூறு கணினிகளோ திங்கட்கிழமை எப்படி இயங்கினவோ அப்படியே செவ்வாய்க்கிழமையும் இயங்க வேண்டும் என்பது நியாயமான எதிர்பார்ப்பு.

ஆனால் ஓட்டைகள் அசையாமல் இருப்பதில்லை. பழைய நிரலில் ஆண்டுக்கணக்கில் ஒளிந்திருந்தவை ஒவ்வொன்றாக வெளிப்பட்டுக்கொண்டே இருக்கும். பதிப்பை மாற்றக் கூடாது, ஓட்டையை அடைத்தாகவும் வேண்டும் என்ற இந்த இரு கடமைகளையும் ஒருசேர நிறைவேற்றுவதுதான் வழங்கல்களின் பாதுகாப்புக் குழுக்களுடைய வேலை.

அந்த ஓட்டை எங்கே இருந்தது

தொலைவிலிருந்து ஒருவர் இணைப்பை ஏற்படுத்தியதும், ஓப்பன்எஸ்எஸ்ஹெச் சேவையகம் அவருக்கு ஒரு கெடு விதிக்கிறது. இயல்பான அமைப்பில் அது 120 விநாடிகள். அதற்குள் அவர் தம் அடையாளத்தை மெய்ப்பிக்காவிட்டால், இயங்குதளம் ஒரு சிக்னலை அனுப்பும்; நிரல் அப்போது எந்த வேலையின் நடுவில் இருந்தாலும் அதை அப்படியே நிறுத்திவிட்டு, சிக்னலைக் கையாளும் பகுதிக்குத் தாவும். இப்படி நடுவழியில் குறுக்கிடும் பகுதிக்குள், நினைவகத்தை ஒதுக்கிக்கொள்வது போன்ற வேலைகளைச் செய்யவே கூடாது. ஏனெனில், குறுக்கிடப்பட்ட நிரலும் அந்த நொடியில் நினைவகக் கணக்கைத் திருத்திக்கொண்டிருந்தால், பாதி எழுதிய கணக்கின் மேல் இன்னொரு கணக்கு எழுதப்பட்டு எல்லாம் குழம்பிவிடும். ஓப்பன்எஸ்எஸ்ஹெச் அந்த இடத்தில் ஒரு பதிவுக் குறிப்பை எழுதியது. லினக்ஸ் கணினிகள் பலவற்றில் நிரல்கள் பொதுவாகப் பயன்படுத்தும் செயற்கூறுகளின் தொகுப்பான ஜிலிப்சி நூலகத்தில், பதிவு எழுதும் செயற்கூறு நினைவகத்தைத் தொடக்கூடியது. அந்தக் குழப்பத்தைத் திட்டமிட்டு உண்டாக்குவதே தாக்குதல். குவாலிஸ் ஆய்வாளர்கள் 32 பிட் கணினியில் செய்த சோதனைகளில், சராசரியாகப் பத்தாயிரம் முயற்சிகளில் ஒருமுறை நேரம் சரியாக வாய்த்தது. முழு அதிகாரம் கைக்கு வர ஆறிலிருந்து எட்டு மணி நேரம் ஆனது.

இதே பிழை 2006-இலேயே கண்டுபிடிக்கப்பட்டுத் திருத்தப்பட்ட ஒன்று. பதினான்கு ஆண்டுகளுக்குப் பிறகு, 2020 அக்டோபரில், பதிவு எழுதும் பகுதியைச் சீரமைத்தபோது அந்தப் பழைய காப்பு வரி தவறுதலாக நீக்கப்பட்டது, 8.5பி1 பதிப்பு முதல் ஓட்டை மீண்டும் திறந்துகொண்டது. இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு: 8.4 பதிப்பை வைத்திருந்த டெபியன் 11-இல் இந்த ஓட்டை இல்லை. 8.2 வைத்திருந்த உபுண்டு 20.04-இலும் இல்லை. பழைய பதிப்பு என்றாலே ஆபத்தானது, புதிய பதிப்பு என்றாலே பாதுகாப்பானது என்னும் எண்ணம் இங்கேயே உடைந்துபோகிறது.

எண்ணும் மௌனமும்

பொதுவெளிக்கு வரும் ஒவ்வொரு பாதுகாப்பு ஓட்டைக்கும் ஓர் அடையாள எண் தரப்படுகிறது. சிவிஇ எனப்படும் இந்த முறை 1999-இல் தொடங்கியது. இந்த ஓட்டையின் எண் சிவிஇ-2024-6387. நடுவில் இருப்பது எண் ஒதுக்கப்பட்ட ஆண்டு, கடைசியில் இருப்பது வரிசை எண். ஒரே ஓட்டையைப் பற்றி டெபியன் ஓர் அறிவிப்பும், ரெட் ஹேட் இன்னோர் அறிவிப்பும், இந்திய அரசின் செர்ட்-இன் வேறோர் அறிவிப்பும் வெளியிடும்போது, எல்லோரும் பேசுவது ஒன்றைப் பற்றித்தான் என்பதை உறுதிசெய்வது இந்த எண்ணே. ஆகவே ஒரு செய்தியில் ஓட்டையின் பரபரப்பான பெயரைப் படித்தால், முதலில் அதன் சிவிஇ எண்ணைக் குறித்துக்கொள்வது நல்லது. பின்னர் செய்யும் எல்லாச் சோதனைகளுக்கும் அதுவே கைப்பிடி.

ஓட்டையைக் கண்டவுடன் ஊருக்குச் சொல்லிவிட்டால், அடைப்பவருக்கு முன்னால் தாக்குபவர் முந்திக்கொள்வார். எனவே ஒரு மௌனக் காலம் கடைப்பிடிக்கப்படுகிறது. இந்த ஓட்டையைப் பற்றி ஓப்பன்எஸ்எஸ்ஹெச் குழுவுக்கு 2024 மே மாதத்தில் தெரிவிக்கப்பட்டது. திருத்தம் எழுதப்பட்டுச் சரிபார்க்கப்பட்ட பிறகு, ஜூன் 20 அன்று வழங்கல்களின் பாதுகாப்புக் குழுக்களிடம் மறைவாகச் சொல்லப்பட்டது. ஜூலை 1 அன்று எல்லோரும் ஒரே நாளில் வெளியிட்டார்கள். லினக்ஸ் வழங்கல்களுக்கு இடையே இத்தகைய மௌனம் அதிகபட்சம் 14 நாட்களே நீடிக்கலாம் என்பது விதி. போட்டி நிறுவனங்களின் ஊழியர்களும் ஊதியம் வாங்காத தன்னார்வலர்களும் ஒரே ரகசியத்தைக் காத்து, ஒரே நாளில் திருத்தத்தைக் கொண்டுவந்து சேர்ப்பது எளிதான காரியம் அன்று. கட்டற்ற மென்பொருள் உலகம் பெருமைப்பட்டுக்கொள்ளத் தக்க ஒழுங்குகளில் இதை முன்வரிசையில் வைப்பேன்.

புதிய பதிப்பை எடுக்காமல் திருத்தத்தை மட்டும் எடுப்பது

இப்போது தொடக்கத்தில் விட்ட கேள்விக்கு வரலாம். மூலத் திட்டம் 9.8பி1-ஐ வெளியிட்டுவிட்டதே, டெபியன் அதையே பொதியாக்கித் தந்தால் என்ன?

9.8-இல் இந்த ஓர் ஓட்டைக்கான திருத்தம் மட்டும் இருக்கவில்லை. சேவையகம் இரண்டு நிரல்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. இணைப்புக்குக் காத்திருப்பது ஒன்று, வந்த இணைப்பைக் கவனிப்பது மற்றொன்று. தவறான முயற்சிகளை அடிக்கடி செய்யும் முகவரிகளைத் தண்டிக்கும் புதிய வசதி சேர்ந்திருந்தது. டிஎஸ்ஏ வகைச் சாவிகளுக்கான ஆதரவு இயல்பாகவே அணைக்கப்பட்டிருந்தது. நிரல் இரண்டாகப் பிரிந்ததால், பதிவேட்டில் வரும் சில குறிப்புகளில் நிரலின் பெயரும் மாறியது. இவை நல்ல மாற்றங்களே. ஆனால், பதிவேட்டைப் படித்துச் சந்தேகத்துக்குரிய முகவரிகளைத் தடுக்கும் காவல் நிரல்கள் பழைய பெயரையே தேடிக்கொண்டிருந்தால், பெயர் மாறிய குறிப்புகள் அவற்றின் கண்ணில் படாமலே போகும். ஓட்டையை அடைக்கப் போன நிர்வாகி, தமக்கே தெரியாமல் காவலாளியின் கண்ணைக் கட்டியிருப்பார். ஆயிரக்கணக்கான சேவையகங்களில், ஒரே இரவில், எவரும் கேட்காத மாற்றங்களைத் திணிக்கும் உரிமை ஒரு பாதுகாப்புத் திருத்தத்துக்கு இல்லை.

ஆகவே டெபியனின் பாதுகாப்புக் குழுவும் ஓப்பன்எஸ்எஸ்ஹெச் பொதியின் பராமரிப்பாளரும் 9.8-இலிருந்து இந்த ஓட்டைக்கு உரிய மாற்றத்தை மட்டும் பிரித்தெடுத்து, 9.2-இன் மூலநிரலுக்கு ஏற்ப அமைத்தார்கள். சிக்னல் குறுக்கிடும் வேளையில் பதிவு எழுதும் அந்தப் பகுதியையே செயல்படாமல் செய்வதுதான் அந்த மாற்றம். சில வரிகளில் அடங்குவது. பாடநூல் ஒன்றில் பிழை கண்டால், புதிய பாடத்திட்டத்துடன் அடுத்த பதிப்பு அச்சாகிவிட்டது என்பதற்காக ஆண்டின் நடுவில் எல்லா மாணவர்களின் புத்தகத்தையும் மாற்றாமல், பிழை உள்ள பக்கத்தில் ஒட்டிக்கொள்ளத் திருத்தச் சீட்டு ஒன்றை அனுப்புவதைப் போன்றது இது. அட்டையில் இருக்கும் பதிப்பு எண் மாறாது. உள்ளே இருக்கும் பிழை மாறிவிடும். இந்த வேலையைத் துறையில் இருப்பவர்கள் பேக்போர்ட் செய்வது என்பார்கள்.

எல்லா நேரங்களிலும் இது இவ்வளவு எளிதாக முடிவதில்லை. மூலத் திட்டம் நிரலை அடியோடு மாற்றி எழுதியிருந்தால், புதிய நிரலுக்காக எழுதப்பட்ட திருத்தம் பழைய நிரலில் ஒட்டவே ஒட்டாது. அப்போது பராமரிப்பாளர் ஓட்டையின் தன்மையை முழுமையாகப் புரிந்துகொண்டு, அதே விளைவைத் தரும் திருத்தத்தைப் பழைய நிரலின் மொழிநடையில் தாமே எழுத வேண்டும். பிறகு அந்தப் பொதியைச் சார்ந்திருக்கும் பிற பொதிகள் உடையாமல் இருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். வெளியே தெரியாத, நன்றி கிடைக்காத வேலை இது.

இந்த வேலையின் தடயம் பதிப்பின் வாலில் இருக்கும். டெபியன் 12-இல் சிவிஇ-2024-6387 அடைக்கப்பட்ட பொதியின் முழுப் பதிப்பு 1:9.2பி1-2+டெப்12யு3. முதலில் நிற்கும் 1: என்பது டெபியன் தன் வரிசைப்படுத்தலுக்காக வைத்துக்கொண்ட எண். 9.2பி1 என்பது மூலத் திட்டத்தின் பதிப்பு. அடுத்த 2 என்பது அந்தப் பதிப்பை டெபியன் எத்தனையாவது முறை பொதியாக்கியது என்பதைச் சொல்கிறது. டெப்12யு3 என்னும் கடைசித் துண்டு, டெபியன் 12 வெளியான பின் இந்தப் பொதியில் செய்யப்பட்ட மூன்றாவது திருத்தம் இது என்பதைக் காட்டுகிறது. உபுண்டு 22.04-இல் இதே ஓட்டை அடைக்கப்பட்ட பதிப்பு 1:8.9பி1-3உபுண்டு0.10, அங்கும் 8.9 அப்படியே நிற்க, வால் மட்டும் மாறியிருக்கிறது.

ஓட்டைகளைத் தேடும் ஸ்கேனர் கருவிகளில் பல, வெளியிலிருந்து தெரியும் மூலப் பதிப்பு எண்ணை மட்டும் பார்த்துவிட்டு, "9.2பி1, ஆகவே ஓட்டை உள்ளது" என்று சிவப்பு எழுத்தில் அறிக்கை தந்துவிடும். தணிக்கைக்கு வருபவர்கள் அந்த அறிக்கையைக் காட்டிக் கேள்வி கேட்பதும், அதற்கு அஞ்சிச் சேவையகத்தின் பொதியை நீக்கிவிட்டு மூலநிரலிலிருந்து 9.8-ஐத் தொகுத்து நிறுவுவதும் அலுவலகங்களில் நடக்கவே செய்கின்றன. அப்படி நிறுவிய நொடியிலேயே அந்த மென்பொருள் வழங்கலின் பராமரிப்பிலிருந்து வெளியேறிவிடுகிறது. அடுத்த ஓட்டை வரும்போது, களஞ்சியத்திலிருந்து பொதிகளை நிறுவிப் புதுப்பிக்கும் ஆப்ட் கட்டளை அதைத் தொடாது. நிறுவியவர் நினைவு வைத்திருந்து தாமே திருத்தினால்தான் உண்டு, அவர் வேறு வேலைக்குப் போய்விட்டால் அதுவும் இல்லை. சரியான மறுமொழி, பொதியோடு வரும் மாற்றப் பதிவேட்டில் அந்தச் சிவிஇ எண் குறிப்பிடப்பட்டிருப்பதை எடுத்துக் காட்டுவதுதான். ஆப்ட் சேஞ்ச்லாக் கட்டளையில் அதைப் பார்க்கலாம். டெபியனின் பாதுகாப்புத் தடமறிதல் பக்கமும் ஒவ்வொரு சிவிஇ எண்ணுக்கும் எந்த வெளியீட்டில் எந்தப் பதிப்பில் ஓட்டை அடைக்கப்பட்டது என்பதைத் தெளிவாகச் சொல்கிறது.

இந்த முறைக்கு விதிவிலக்குகளும் உண்டு. ஃபயர்பாக்ஸ், குரோமியம் போன்ற உலாவிகளில் ஓட்டைகள் மிக வேகமாக வெளிவருவதாலும், நிரலின் அளவு மிகப் பெரிது என்பதாலும், திருத்தங்களைத் தனித்தனியாகப் பிரித்தெடுப்பது நடைமுறைக்கு ஒத்துவராது. அவற்றுக்குப் புதிய பதிப்பையே டெபியன் தருகிறது. கெர்னலிலும், டெபியன் 12 தேர்ந்தெடுத்த 6.1 வரிசைக்குள் மூலத் திட்டம் வெளியிடும் சிறு பதிப்புகளைப் பின்தொடர்வதே வழக்கம்.

எது அவசரம், எது காத்திருக்கலாம்

ஓர் ஓட்டையின் கடுமையைச் சிவிஎஸ்எஸ் என்னும் அளவுகோலில் 0 முதல் 10 வரை மதிப்பிடுகிறார்கள். நாம் பேசிக்கொண்டிருக்கும் ஓட்டைக்குக் கிடைத்தது 8.1. இந்த மதிப்பெண் பயனுள்ளதுதான், ஆனால் அது உங்கள் கணினியைப் பார்த்துத் தரப்பட்டதன்று. ஓப்பன்எஸ்எஸ்ஹெச் சேவையகமே நிறுவப்படாத ஒரு மடிக்கணினிக்கு 8.1 என்ற எண் எதையும் சொல்வதில்லை; இணையத்தில் திறந்து நிற்கும் சேவையகத்துக்கோ அது எல்லா வேலைகளையும் நிறுத்திவிட்டுக் கவனிக்க வேண்டிய ஒன்று.

டெபியன் குழுவும் இப்படியே பிரித்துப் பார்க்கிறது. அவசரமானவற்றுக்குப் பாதுகாப்பு அறிவிப்புடன் திருத்தம் உடனே வெளிவரும். சிறு ஓட்டைகள் சுமார் இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை வரும் தொகுப்புப் புதுப்பிப்புக்காகக் காத்திருக்கும். சிவிஇ எண் பெற்ற ஒன்று இன்னும் அடைக்கப்படாமல் இருப்பதைக் கண்டு அலட்சியம் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. ஒவ்வொரு திருத்தமும் எதையாவது உடைக்கக்கூடியது என்பதால், சிறிய ஆபத்தை நீக்கப் பெரிய ஆபத்தை வரவழைக்காமல் இருப்பதும் பாதுகாப்பில் சேர்ந்ததே. சிவிஇ எண்ணிக்கையைக் கொண்டு ஒரு மென்பொருளின் தரத்தை அளப்பதும் இதைப் போலவே பிழையானது. 2024 பிப்ரவரியில் லினக்ஸ் கெர்னல் குழு தன் ஓட்டைகளுக்குத் தானே எண் ஒதுக்கும் உரிமையைப் பெற்றதும், கெர்னலின் சிவிஇ எண்ணிக்கை பல மடங்கு உயர்ந்தது. கெர்னல் திடீரென்று மோசமாகிவிடவில்லை. முன்பு எண்ணே பெறாமல் சத்தமின்றித் திருத்தப்பட்டவை இப்போது கணக்கில் வருகின்றன, அவ்வளவே.

திருத்தமே தவறினால்

2014 செப்டம்பர் 24 அன்று பாஷ் நிரலில் வெளிப்பட்ட ஷெல்ஷாக் ஓட்டை, சிவிஇ-2014-6271, உலகெங்கும் அவசரமாகத் திருத்தப்பட்டது. திருத்தம் போதவில்லை என்பது உடனடியாகத் தெரிந்துபோய், எஞ்சிய பகுதிக்குச் சிவிஇ-2014-7169 என்று இன்னோர் எண்ணே ஒதுக்க வேண்டியிருந்தது. முதல் நாள் புதுப்பித்துவிட்டு நிம்மதியாக இருந்தவர்கள் மறுபடியும் புதுப்பிக்க வேண்டியிருந்தது. ஒரு பெரிய ஓட்டை வெளிவந்த வாரத்தில், ஒருமுறை புதுப்பித்ததோடு நில்லாமல் தொடர்ந்து கவனிக்க வேண்டும் என்று சொல்லப்படுவது இத்தகைய அனுபவத்தால்தான்.

டெபியனின் வரலாற்றில் இதைவிடக் கசப்பான ஒன்று உண்டு, அதை மறைக்காமல் சொல்லவும் வேண்டும். 2006-இல், நினைவகச் சோதனைக் கருவி ஒன்று காட்டிய எச்சரிக்கையைப் போக்குவதற்காக, ஓப்பன்எஸ்எஸ்எல் பொதியில் இரண்டு வரிகளை டெபியன் நீக்கியது. அவற்றில் ஒன்று, தற்போக்கு எண்களை உருவாக்குவதற்கான மூலப்பொருளைச் சேர்க்கும் உயிர்நாடியான வரி. அதன் பின் எஞ்சிய மாறும் மதிப்பு, ஓடும் ஒவ்வொரு நிரலுக்கும் இயங்குதளம் தரும் செயல் எண் மட்டுமே. 32,768 வாய்ப்புகளுக்கு மேல் அதற்கு இடமில்லை. எண்ணற்ற வாய்ப்புகளிலிருந்து பிறக்க வேண்டிய ரகசியச் சாவிகள், ஒரு கணினி சிறிது நேரத்தில் ஊகித்துவிடக்கூடிய சிறு பட்டியலுக்குள் சுருங்கிப்போயின. 2008 மே 13 அன்று சிவிஇ-2008-0166 என்ற எண்ணுடன் இது அறிவிக்கப்பட்டது. பொதியைப் புதுப்பித்தால் மட்டும் இது தீரவில்லை. இடைப்பட்ட காலத்தில் உருவாக்கிய சாவிகள் அனைத்தையும் தூக்கி எறிந்துவிட்டுப் புதியவற்றை உருவாக்க வேண்டியிருந்தது. பொதியாக்குபவர் மூல நிரலில் கைவைக்கும்போது எவ்வளவு குறைவாக, எவ்வளவு கலந்தாலோசித்துக் கைவைக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வலிமையான சான்று தேவையில்லை.

இதற்கு எதிர்த்திசையில் இருப்பது 2024 மார்ச் 29 அன்று வெளிப்பட்ட எக்ஸ்இசட் நிகழ்வு. கோப்புச் சுருக்க மென்பொருளான அதன் 5.6.0, 5.6.1 பதிப்புகளுக்குள், பராமரிப்பாளர் பொறுப்பைப் பெற்றிருந்த ஒருவரே பின்வாசல் ஒன்றை வைத்திருந்தார். ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்னும் மென்பொருளாளர், தம் கணினியில் எஸ்எஸ்ஹெச் நுழைவு சுமார் அரை விநாடி தாமதமாவதைக் கவனித்து, விடாமல் காரணத்தைத் தேடியதால்தான் அது பிடிபட்டது. டெபியனின் சோதனை நிலை வெளியீடுகளில் அந்தப் பதிப்புகள் நுழைந்திருந்தன. நிலையான டெபியன் 12-இல் இருந்தது 5.4.1 என்பதால் அதற்குப் பாதிப்பு இல்லை. புதியதை உடனே எடுக்காத வழக்கம் அன்று பல சேவையகங்களைக் காத்தது.

உங்கள் கணினியில் செய்ய வேண்டியது

டெபியனிலும் உபுண்டுவிலும், ஆப்ட் அப்டேட் என்ற கட்டளை களஞ்சியத்தின் பட்டியலை மட்டும் புதுப்பிக்கிறது. ஆப்ட் அப்கிரேட் என்பதே பொதிகளை மாற்றுகிறது. முதலாவதை மட்டும் இயக்கிவிட்டுப் புதுப்பித்துவிட்டதாக எண்ணுவது தொடக்கநிலையாளர்களிடம் அடிக்கடி காணும் தவறு. களஞ்சியத்தின் பட்டியல் டிஜிட்டல் கையொப்பத்துடன் வருகிறது. அந்தப் பட்டியலின் வழியே ஒவ்வொரு பொதியின் கைரேகை போன்ற எண்ணும் சரிபார்க்கப்படுகிறது. ஆகவே வழியில் எவராவது பொதியை மாற்றி வைத்தாலும் ஆப்ட் அதை ஏற்காது. கையொப்பம் சரியில்லை என்ற எச்சரிக்கை வரும்போது, அதை எப்படி அணைப்பது என்று தேடாமல், ஏன் வந்தது என்று தேட வேண்டும். பாதுகாப்புத் திருத்தங்களைத் தானாகவே நிறுவிக்கொள்ள அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ் என்னும் பொதி இருக்கிறது. தனிப்பட்ட கணினிகளிலும் சிறு சேவையகங்களிலும் இதை இயக்கி வைப்பதே சரி என்பது என் உறுதியான கருத்து. மறந்துபோன திருத்தம் விளைவிக்கும் கேடு, பேக்போர்ட் முறையில் வரும் சிறு திருத்தம் எதையாவது உடைத்துவிடும் வாய்ப்பைவிட மிகப் பெரியது.

புதுப்பித்த பிறகும் ஒரு படி மிச்சம் இருக்கிறது. வட்டில் இருக்கும் கோப்பு மாறிவிட்டாலும், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நிரல், தான் தொடங்கியபோது நினைவகத்தில் ஏற்றிக்கொண்ட பழைய நிரலையே பயன்படுத்திக்கொண்டிருக்கும். 2014 ஏப்ரலில் ஓப்பன்எஸ்எஸ்எல்லில் ஹார்ட்பிளீட் ஓட்டை வெளிப்பட்டபோது இது பெரிதாகத் தெரிந்தது. தாக்குபவர் ஒவ்வொரு முறை கேட்கும்போதும், சேவையகத்தின் நினைவகத்திலிருந்து 64 கிலோபைட் வரை பிடுங்கிக்கொள்ள அந்த ஓட்டை இடம் தந்தது. டெபியன் 7-இல் முதல் திருத்தம் டெப்7யு5 என்ற வாலுடன் வந்தது; ஓட்டையை வெளிக்காட்டக்கூடிய சேவைகளைக் கண்டறிந்து, அவற்றை மறுதொடக்கம் செய்யலாமா என்று கேட்பதற்காகவே அடுத்து டெப்7யு6 வெளியிடப்பட்டது. இன்று நீட்ரீஸ்டார்ட் என்னும் கருவி, பழைய நூலகத்தைப் பிடித்துக்கொண்டு ஓடும் சேவைகளைப் பட்டியலிட்டுத் தருகிறது. கெர்னல் புதுப்பிக்கப்பட்டால் கணினியையே மறுதொடக்கம் செய்தாக வேண்டும். மாதக்கணக்கில் அணைக்காமல் ஓடும் சேவையகம் பலருக்குப் பெருமையாக இருக்கலாம், ஆனால் அது இத்தனை மாதத்துக் கெர்னல் ஓட்டைகளையும் சுமந்துகொண்டு ஓடுகிறது. ஹார்ட்பிளீட் போன்றவற்றில், ரகசியச் சாவிகள் ஏற்கெனவே கசிந்திருக்கக்கூடும் என்பதால், ஓட்டையை அடைத்த பின் சாவிகளையும் சான்றிதழ்களையும் மாற்றுவதும் திருத்தத்தின் பகுதியே.

உடனே புதுப்பிக்க இயலாத சூழலில், தற்காலிகத் தடுப்பு ஒன்றை அறிவிப்பிலேயே தருவதுண்டு. சிவிஇ-2024-6387-க்கு, அந்த 120 விநாடிக் கெடுவைச் சுழியமாக்கிவிடலாம் என்று சொல்லப்பட்டது. கெடுவே இல்லையென்றால் சிக்னலும் இல்லை, ஓட்டையும் திறக்காது. ஆனால் அப்போது, அடையாளம் காட்டாத இணைப்புகளைக் குவித்துப் பிறர் நுழைய முடியாதபடி ஒருவர் அடைத்து வைக்கலாம். ஆகவே அதை நிரந்தரமாக வைத்திருக்கக் கூடாது, பொதியைப் புதுப்பித்ததும் பழைய அமைப்புக்குத் திரும்பிவிட வேண்டும்.

மென்பொருளை அதற்குத் தேவையான பொதிகளோடு தனிப் பெட்டிபோல் அடைத்து இயக்கும் கண்டெய்னர்களைப் பயன்படுத்துவோர் இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். ஒரு கண்டெய்னர் படிமத்துக்குள் அது கட்டப்பட்ட நாளின் பொதிகளே இருக்கும்; வெளியே இருக்கும் கணினியைப் புதுப்பித்தாலும் படிமத்துக்குள் எதுவும் மாறாது. படிமத்தைப் புதிய பொதிகளோடு மறுபடி கட்டி, ஓடிக்கொண்டிருக்கும் கண்டெய்னரை மாற்றினால்தான் திருத்தம் உள்ளே சேரும். வேறு இடங்களிலிருந்து சேர்த்துக்கொண்ட மூன்றாம் தரப்புக் களஞ்சியங்களுக்கும் டெபியனின் பாதுகாப்புக் குழு பொறுப்பேற்பதில்லை. அவற்றை நடத்துபவர் திருத்தினால்தான் உண்டு. பாஸ் லினக்ஸ் போல ஒன்றை அடித்தளமாகக் கொண்ட வழங்கல்களில், அடித்தளத்தில் வந்த திருத்தம் தன் வழங்கலின் களஞ்சியத்துக்கு வந்துவிட்டதா என்பதைப் பயனர் தனியே பார்த்துக்கொள்வது நல்லது.

எந்த வெளியீட்டுக்கும் திருத்தங்கள் என்றென்றும் வந்துகொண்டிருப்பதில்லை. டெபியனின் நிலையான வெளியீட்டுக்குப் பாதுகாப்புக் குழுவின் ஆதரவு மூன்றாண்டுகள். அதன் பின் எல்டிஎஸ் (நீண்ட கால ஆதரவு) என்னும் நீட்டிப்பு அதை ஐந்தாண்டுகள் வரை கொண்டுபோகிறது. டெபியன் 12-க்கு முதலாவது 2026 ஜூன் வரையிலும், இரண்டாவது 2028 ஜூன் 30 வரையிலும் செல்லும். உபுண்டுவின் எல்டிஎஸ் வெளியீடுகளுக்கு இயல்பான ஆதரவு ஐந்தாண்டுகள். உபுண்டு புரோ சந்தாவுடன் பத்தாண்டுகள். காலம் கடந்த வெளியீட்டில் ஆப்ட் அப்கிரேட்டை இயக்கினாலும், புதுப்பிக்க எதுவும் இல்லை என்ற அமைதியான மறுமொழி வரக்கூடும். அங்கே ஓட்டைகள் இருக்கின்றன, அடைப்பவர்தான் இல்லை. உங்கள் கணினியில் இருக்கும் வெளியீட்டின் பெயரையும் அதன் ஆதரவு முடியும் நாளையும் இன்றே பார்த்துக் குறித்துவைத்து, அந்த நாளுக்குச் சில மாதங்கள் முன்னதாகவே, கோப்புகளைப் படியெடுத்து வைத்துக்கொண்டு, அடுத்த வெளியீட்டின் வெளியீட்டுக் குறிப்புகளை முழுமையாகப் படித்த பின் மாறுவதற்கு நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.